கூப்பிட்டால் வருகிறவர்

உடம்பில் ஒரு வியாதியும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது பெரிய மாப்பிள்ளைக்கு வந்த ஏமாற்றம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கட்டு, ஒரு தையல், எக்ஸ்ரேயில் மெல்லிசாக ஒரு கோடு, ஏதாவது இருந்தால் பார்க்க வருகிறவர்களிடம் காட்டிக்கொள்ளலாம். எதுவுமே இல்லாமல் பட்டப்பகலில் சோபாவில் கிடக்கிற ஆம்பளையைப் பார்த்து நாலு பேர் என்ன பேசுவார்கள்? அவரே இன்னொருத்தரைப் பற்றி அப்படித்தான் பேசியிருப்பார், அதுவும் நன்றாகவே பேசியிருப்பார்.

பெரிய மாப்பிள்ளை என்பது மாமியார் வீட்டில் வைத்த பெயர். அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியதால் இவர் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை, இவருக்குச் சகலை. நேரில் பார்த்தால் "வாங்க சகல, உட்காருங்க" என்று மரியாதை வழியும். மனசுக்குள் எப்போதும் அவன், இவன்தான். நாம் பெரிய மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றுதான் இந்தக் கதையைப் பார்க்கப்போகிறோம், அதனால் நமக்கும் அவன் அவன்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே வேலை, லிஃப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனி. அந்த வேலையைச் சகலைக்கு வாங்கிக் கொடுத்ததே இவர்தான் என்பதை வீட்டில் யாரும் மறக்க இவர் விட்டதில்லை.

டாக்டர் விட்டபாடில்லை. "இது வெறும் களைப்பு இல்ல. களைப்புன்னா தூங்கி எழுந்தா போயிடும். உங்களுக்கு எழுந்த பிறகும் அப்படியே இருக்குன்னு சொல்றீங்க. போன தடவையும் லீவு எழுதிக் குடுத்தேன். வேலைக்குப் போன கொஞ்ச நாள்லயே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கீங்க. லீவுல என்னதான் பண்ணீங்க?"

"ரெஸ்ட் எடுத்தேன் டாக்டர்."

"போனை அணைச்சு வெச்சீங்களா?"

"அணைச்சுத்தான் வெச்சிருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி விட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறவள் அவள். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குப் பொருத்தமான லென்ஸைத் துடைத்துக் கொடுத்துக் கொடுத்து, எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்பதில் தேர்ந்தவள்.

அவருக்கு என்ன செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் கண் விழித்ததுமே, அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். வாயில் எதை வைத்தாலும் ருசி இல்லை. விடுதியில் படிக்கிற மகன் நல்ல மார்க் வாங்கியதாகச் சொன்னால், சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, சந்தோஷம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். இதையெல்லாம் விட மோசமான ஒன்று இருந்தது, அதை அவர் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. லிஃப்டுக்குள் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால், கிளம்பும்போதே, 'கிடக்கட்டும், நல்லா கிடந்து தவிக்கட்டும்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டு அவரே பயந்துபோயிருந்தார். ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவந்து, அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லும்போது அவருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று வேலை செய்வது இந்தத் தொழிலில் தினசரி சமாச்சாரம். ஏறியதும் முதல் காரியம், அங்கே இருக்கிற சிவப்பு ஸ்விட்சை அமுக்குவது. அதை அமுக்கிவிட்டால் கீழே எவர் பட்டனைத் தட்டினாலும் பெட்டி அசையாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே மண்டையில் அடித்துச் சொல்லித் தருவார்கள். இவரே பலருக்குச் சொல்லித் தந்தவர். அன்றைக்கு இன்னொரு கட்டடத்துக்காரரோடு போனில் கத்திக்கொண்டே ஏறினார், ஸ்விட்சை மறந்தார். கீழே யாரோ பட்டனை அமுக்க, பெட்டி இவரைச் சுமந்துகொண்டு மேலே போக ஆரம்பித்தது. மேலே சிமெண்ட் கூரை. அன்றைக்கென்று கூட வந்திருந்த சகலை மோட்டார் ரூமில் நின்றான். சத்தம் வித்தியாசமாக இருக்கிறதே என்று சட்டென்று மெயினை அணைத்தான். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

உயிரைக் காப்பாற்றியவன் மேல் நன்றி வர வேண்டும். வந்தது, முதல் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு வந்தது வேறு. மாமியார் போன் செய்யும்போதெல்லாம் "சின்ன மாப்பிள்ளை மட்டும் அங்க இல்லைன்னா" என்று ஆரம்பிப்பார். கொழுந்தியா அடக்கமாகச் சிரிப்பாள். மனைவியோ சகலைக்கு டீ போடும்போது ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்தே போட்டாள், அவர் தன் கண்ணால் பார்த்தார். இந்த வயிற்றெரிச்சலை எந்த டாக்டரிடம் போய்க் காட்டுவது?

சூப்பர்வைசர் நேராகப் பேசுகிற மனிதர். "மாசக் கடைசித் திங்கக்கிழமை வந்துட்டீங்கன்னா உங்க ஏரியா உங்களுக்கே. வரலைன்னா அந்த பில்டிங் எல்லாத்தையும் உங்க சகலைக்கே நிரந்தரமா எழுதிடுவேன், ஆள் இல்லாம என்னால ஓட்ட முடியாது. ஆனா ஒண்ணு. நல்லாயிட்டேன்னு உங்க வாயால சொல்லிட்டு வாங்க. கூரை மேல ஏறி நிக்கற வேலை இது. உங்க சாவுக்கு வந்து நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அந்தத் திங்கட்கிழமைதான் இப்போது பெரிய மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்கியது. தயாராகாமல் போனால் அந்தக் கூரை. போகாவிட்டால் தான் ராஜாவாக நடந்த கட்டடங்களில் எல்லாம் அவன் நடப்பான்.

ராஜாதான், சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் கம்பெனி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கண்ட்ரோல் ரூம் நம்பர்தான் இருக்கும். அங்கே கூப்பிட்டால் யார் டியூட்டியோ அவரை அனுப்புவார்கள். ஏரியா இவருடையதானாலும் அவசர அழைப்புக்கு ஒரு வாரம் இவர், ஒரு வாரம் சகலை, அதுதான் முறை. நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? தன் ஏரியாவில் ஒரு லிஃப்ட் விடாமல், அந்த ஸ்டிக்கருக்குக் கீழே, அழியாத மார்க்கரில், தன் சொந்த போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். கேட்டால், "கண்ட்ரோல் ரூம்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க, பாவம் ஜனங்க" என்பார். நிஜக் காரணம் வேறு. சகலையின் வாரத்தில் ஜனங்கள் சகலையைக் கூப்பிடுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவனுடைய வாரத்திலும் இவருடைய போன்தான் அடிக்க வேண்டும். அடித்தது. சகலை தன் வாரத்தில் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய், சின்ன மகளோடு பந்து விளையாடி, வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கினான். இவர் தன் வாரத்திலும் ஓடினார், அவன் வாரத்திலும் ஓடினார். யாரும் துரத்தாமலேயே ஓடினார். வருஷக்கணக்கில் ஓடினார்.

லீவிலும் போன் அடித்தது. போன தடவை லீவிலும் அடித்தது, இந்தத் தடவையும் அடித்தது. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவார். குழாயைத் திறந்து விடுவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, அப்படியே நில்லுங்க, ஆள் அனுப்பறேன்" என்று ரகசியமாகப் பேசுவார். வெளியே வரும்போது முகத்தில் தனிக் களை. மனைவி ஒருநாள் கேட்டாள், "வயிறு ஏதும் சரியில்லையா? அடிக்கடி போறீங்களே."

"டாக்டர்தான் தண்ணி நிறைய குடிக்கச் சொல்லியிருக்காரே."

"ஆமாமா. அதைத்தான் குழாயிலயும் விட்டுக்கிட்டு இருக்கீங்க போல."

இதற்குப் பிறகு ஒரு வாரத்தில் போன் குறைய ஆரம்பித்தது. தினம் ஏழெட்டு வந்த இடத்தில் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அவர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். அவரோ மூச்சு முட்டிப்போனார். சிக்னல் சரியாக இருக்கிறதா என்று பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். சத்தம் குறைந்திருக்கிறதோ என்று கூட்டி வைத்தார். கடைசியில் மனைவி சமையலறையில் இருந்த சமயம் அவள் போனை எடுத்துத் தன் நம்பருக்குத் தானே அடித்துப் பார்த்தார். கணீரென்று அடித்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"ராங் நம்பர்."

"என் போன்ல இருந்தா?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மறுநாள் நடை என்று கிளம்பி, தெருமுனையில் இருந்த கட்டடத்துக்குள் நுழைந்து லிஃப்டைத் திறந்தார். ஸ்டிக்கர் இருந்தது. அதற்குக் கீழே நம்பர் இல்லை. அந்த இடம் மட்டும் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல், துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூக்கைக் கொண்டுபோனால் லேசாக ஸ்பிரிட் வாடை. அடுத்த கட்டடத்திலும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே.

அவருக்குக் காதில் புகை வராத குறை. இவ்வளவு நிதானமாக, இவ்வளவு சுத்தமாக வேலை செய்யக்கூடிய ஆள் அந்தக் குடும்பத்திலேயே ஒருத்தன்தான். இவர் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வேலையை அவன் முக்கால் மணி நேரம் செய்வான். மெயினை அணைப்பான், பூட்டு போடுவான், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பையைத் தட்டிப் பார்ப்பான். 'ஆமை' என்று இவர் அவனுக்கு வைத்த பெயர் கம்பெனி முழுக்கப் பிரசித்தம். ஆமையாம் ஆமை! ஆமை இத்தனை நாள் காத்திருந்து, ஆள் படுத்த நேரம் பார்த்து, ஏரியாவையே வழித்துத் துடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வந்தான். கையில் பழம். பழம் வாங்குவதில்கூட அவன் ஒன்றுகூட அடிபடாததாகத்தான் பொறுக்குவான், அதுவும் பெரிய மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. வந்தவன் பத்து நிமிஷம் பேசினான், சோபாவில் சாய்ந்தான், தூங்கிப்போனான். வாயை லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. பெரிய மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனுடைய வீடு, சம்பளம், எதன் மேலும் அவருக்கு ஆசை இல்லை. அந்தத் தூக்கம் வேண்டும். அப்படியே பிடுங்கிக்கொள்ள முடிந்தால் பிடுங்கியிருப்பார்.

எழுந்ததும் பிடித்துக்கொண்டார். "சகல, லிஃப்டுல எல்லாம் பளபளன்னு இருக்கே. நல்லா துடைக்கறீங்க போல."

சகலை திருதிருவென்று விழித்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான். "நான் எதையும் துடைக்கலையே அண்ணே."

"நீங்க துடைக்கலைன்னா வேற யாரு துடைப்பா?"

"தெரியலைண்ணே," என்று சொல்லி அவசரமாக ஒரு பழத்தை உரிக்க ஆரம்பித்தான். பொய் சொல்கிற ஆளின் காது சிவக்கும் என்பார்கள். அவனுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்தது. போதாதா? பெரிய மாப்பிள்ளை அன்றைக்கே முடிவு செய்தார். சூப்பர்வைசர் சொன்ன மாசக் கடைசித் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறோம். அதற்கு முன்னால், அழித்த இடத்திலெல்லாம் நம்பரைத் திரும்ப எழுதுகிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டைப்பையில் மார்க்கரோடு கிளம்பினார். முதலில் எங்கே போனார் என்றால், தையற்காரம்மா இருக்கிற கட்டடத்துக்கு. ஐந்தாவது மாடியில் தையற்கடை வைத்திருக்கிற அந்த அம்மாதான் இவருக்கு அதிகமாகப் போன் செய்தவர். "நீங்க வந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்று வாய் நிறையச் சொல்லுவார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பெரிய மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறார்.

லிஃப்டுக்குள் ஏறி, மார்க்கரைத் திறந்து, முதல் எண்ணை எழுதி முடிப்பதற்குள் கதவு திறந்தது. தலையணை மாதிரி ஒரு துணி மூட்டையோடு தையற்காரம்மா உள்ளே வந்தார்.

"அட, நீங்களா? தாடியெல்லாம் விட்டு அடையாளமே தெரியல. உடம்பு தேவலையா?"

"இப்போ பரவாயில்ல," என்று சொல்லி மார்க்கரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கதவு மூடியது. லிஃப்ட் ஏறியது. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, பெட்டி மட்டும் நகரவில்லை. கதவுப் பூட்டில் கோளாறு என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்," என்றார்.

"நான் எங்கே பயந்தேன்," என்று சொல்லி தையற்காரம்மா மூட்டையைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளேயிருந்து அந்தக் கதவை விலக்க அவருக்குத் தெரியும். செய்யக்கூடாது, ஆனால் தெரியும். மாடியும் பெட்டியும் ஒரே மட்டத்தில் இல்லாதபோது கதவைத் திறந்து இறங்கப் பார்த்துத்தான் ஆட்கள் குழிக்குள் விழுகிறார்கள், அதுவும் தெரியும். தெரிந்தும் கதவிடுக்கில் விரலை விட்டார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் இந்த அம்மாவை வெளியே இறக்கினால், இந்தக் கட்டடம் முழுக்கப் பேச்சாகும். எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? வலதா, இடதா? எத்தனையோ வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியம், சட்டென்று தலைக்குள் இல்லை. வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. பிடரியில் வேர்த்தது. கூரை மேல் நின்ற அன்றைக்கும் தலைக்குள் இதே வெள்ளைச் சுவர்தான் இருந்தது. எனக்கு இன்னும் சரியாகவில்லை என்று அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. யாரும் சொல்லாமல், தானாகத் தெரிந்தது.

"கதவைத் தள்ளக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க," என்றார் தையற்காரம்மா.

அவர் கையை எடுத்துவிட்டார். அந்த அம்மா எழுந்து மணிப் பட்டனை அமுக்கினார். கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண் குரல், எந்தக் கட்டடம், எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத்திணறல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. டியூட்டி மெக்கானிக் கிளம்பிவிட்டார், அரை மணி நேரம் ஆகும் என்றது.

"அரை மணி நேரமா? நானா இருந்தா பத்து நிமிஷம்," என்றார் பெரிய மாப்பிள்ளை.

"ஆகட்டுமே. தையல் மிஷின் முன்னாடி உட்காரணும், அதுக்கு இது எவ்வளவோ மேல். உட்காருங்க."

வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அந்த ஆள்தான் என் நம்பரை அழிச்சான். என் சகலைதான். நான் படுத்ததும் ஏரியாவைப் பிடுங்கப் பாக்கறான்."

தையற்காரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சகலையா? உங்க வீட்டம்மால்ல வந்து துடைச்சாங்க."

"யாரு?"

"உங்க சம்சாரம். தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரு பாட்டில், ஒரு மெத்துன துணி. மூக்குக்கண்ணாடி துடைக்கற மாதிரி அப்படியே வட்டம் வட்டமா துடைச்சாங்க. நான் இதே இடத்துல நின்னு பார்த்தேன்."

பெரிய மாப்பிள்ளை தான் எழுதிய ஒற்றை எண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்கூடக் கேட்டேன், ஏம்மா, அதை அழிச்சிட்டா எங்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு யாரைக் கூப்பிடறதுன்னு. உங்களுக்கு வேற ஆள் இருக்காங்க, எனக்கு இவரை விட்டா யாருன்னு கேட்டாங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கல."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "நான் வந்தாத்தான் நிம்மதின்னு சொல்லுவீங்களே."

"சொன்னேன். நீங்க கூப்பிட்ட உடனே வந்துடுவீங்க, அதனால கூப்பிட்டோம். இந்த ஃபேன் சத்தத்துக்குக்கூடக் கூப்பிட்டிருக்கேன். ஒரு நாள் கடையில தனியா இருக்கோமேன்னு, சும்மா பேச்சுத்துணைக்கு, லிஃப்டுல ஏதோ சத்தம்னு பொய் சொல்லிக் கூப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்களும் ஒரு நாளாவது வர முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன், சொல்லவே இல்ல."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. தான் இல்லாவிட்டால் இந்தக் கட்டடங்கள் நடக்காது என்று நினைத்திருந்தார். இவர்கள், கிடைக்கிற ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மேலே மோட்டார் ரூமில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், படு நிதானமாக. "உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க. இப்போ மெயினை அணைக்கறேன். விளக்கு போனாலும் போகும்." கொஞ்ச நேரம் கழித்து, "அணைச்சிட்டேன். பூட்டும் போட்டுட்டேன். இப்போ கையால மெதுவா இறக்கறேன். லேசா ஆடும்." ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னான், சொன்னபடியே செய்தான். இருட்டில் உட்கார்ந்து கேட்கும்போது அந்தக் குரல் எவ்வளவு தெம்பாக இருந்தது என்பது பெரிய மாப்பிள்ளைக்குப் பிடிக்கவே இல்லை. தான் ஒருநாளும் உள்ளே இருப்பவர்களோடு இப்படிப் பேசியதில்லை. இரண்டு தட்டு தட்டி, "நகருங்க" என்று கத்துவதுதான் வழக்கம். நல்ல வேலைக்காரன். நாசமாய்ப் போக, நிஜமாகவே நல்ல வேலைக்காரன்.

கதவு திறந்தபோது சகலை முதலில் தையற்காரம்மாவைப் பார்த்தான், பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவரை, பிறகு சுவரில் ஒற்றை எண்ணை, பிறகு மார்க்கரை.

"கை குடுங்கண்ணே," என்றான்.

"நீங்க அழிக்கல."

"இல்லண்ணே. அண்ணி யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க."

வீட்டுக்குப் போனபோது மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வேலைச் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள், திங்கட்கிழமைக்காக. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நம்பரை அழிச்சது நீயா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"கையெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. எங்கேதான் எழுதலை நீங்க? ஒரு பில்டிங்ல கூரையில எழுதி வெச்சிருக்கீங்க, ஸ்டூல் போட்டு ஏறினேன்."

"ஏன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொன்னா குளிக்கப் போயிடுவீங்க. பொறாமைங்க எனக்கு. இத்தனை வருஷமா அந்தப் பெட்டிங்க மேல பொறாமை. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், போதுமா? எவளோ ஒருத்தி ஃபேன் கடகடங்குதுன்னு கூப்பிட்டா சாப்பிடற தட்டை விட்டு எழுந்து ஓடறீங்க. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து கடையிலயே விழுந்தேன். உங்களுக்குப் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன், லைன் கிடைக்கல. கடைசியில என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் வந்து கூட்டிட்டுப் போனார். பெட்டிக்குள்ள மாட்டினவங்களுக்கெல்லாம் ஒரு பெல் இருக்கு. நான் எந்த பெல்லை அமுக்கறது?"

அவருக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தார், இல்லை.

"திங்கக்கிழமை போகலைன்னா எல்லாம் அவன்கிட்ட போயிடும்," என்றார்.

"போகட்டும்."

"எரியுது எனக்கு."

"எரியட்டும். எனக்கும் எரிஞ்சிச்சு, நான் செத்தா போயிட்டேன்? அந்தக் கூரையில நசுங்கினாத்தான் சாவீங்க. போறதா இருந்தா போங்க, சட்டை தேய்ச்சாச்சு. தடுக்க மாட்டேன். ஆனா சரியாயிடுச்சுன்னு என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைப் பார்த்தார், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பிறகு போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார், இந்தத் தடவை குளியலறைக்குப் போகவில்லை.

"சார், திங்கக்கிழமை வரலை. இல்ல சார், இன்னும் சரியாகல. இன்னிக்கு ஒரு கதவு முன்னாடி நின்னேன், எந்தப் பக்கம் தள்ளறதுன்னு மறந்துபோச்சு."

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் குரலைத் தணித்துக்கொண்டார். "நிஜமாத்தான் சொல்றீங்களா? திரும்பி வரும்போது உங்களுக்கு வேலை இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இந்த ஏரியா இருக்காது. சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்."

"தெரியும் சார். அவன்கிட்டயே குடுத்துடுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர்கிட்டயே குடுத்துடுங்க."

போனை வைத்ததும் அடிவயிற்றிலிருந்து அந்த எரிச்சல் கிளம்பி மார்பு வரைக்கும் வந்தது. தையற்காரம்மா நாளைக்கு அவனிடம் சொல்லப்போகிற வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டன. மனைவி கிட்டே வந்து நின்றாள். தொடவில்லை.

"சகலை சரியா பார்த்துக்க மாட்டாரோன்னு நினைக்கிறீங்களா?"

"பார்த்துக்குவான். என்னை விட நல்லாவே பார்த்துக்குவான்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "அதைத்தான்டி தாங்க முடியல."

சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணியது. மகன் மார்க் வாங்கியபோது வராதது, கூரை தலைக்கு மேல் வந்து நின்றபோதும் வராதது, இப்போது பொலபொலவென்று வந்தது. அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார், அவள் நிறுத்தச் சொல்லவில்லை.